லொறிக்குள் ஒழுங்கை

நவம்பர் 12, திங்கள்

விடியலிலிருந்து மழை. களஞ்சியக் கூரையில் மூன்று ஒழுக்கு, ஒன்று அரிசிக்கு நேர் மேலே. தறப்பாள் போட்டாயிற்று.

எங்கள் நிவாரணக் களஞ்சியத்தின் வேகத்தைக் கூட்டக் கொழும்பிலிருந்து ஆலோசகர் வந்தார் (இனி 'ஆ.'). மடிக்கணினிக்குள் களஞ்சியத்தையே கட்டி வைத்திருக்கிறார்: கதவு, அடுக்கு, லொறி. மூட்டை தூக்குவோர் நீலப் புள்ளிகள். புள்ளிகள் வெற்றிலை போடுவதில்லை, அடையாள அட்டை காட்டுவதில்லை. கடவுள் விட்ட குறைகள் திருத்தப்பட்டுள்ளன.

ஒழுக்கு திரையில் இல்லை.

வாங்க: சணல் நூல், எலிப்பொறி.

நவம்பர் 13

வாவிக்கு மேற்கே, படுவான்கரைக்குப் போகும் லொறி ஏற்றுவதை ஆ. பார்த்தார். மூட்டை தூக்குவோரின் தலைவர் பூபாலண்ணன் வழக்கம்போல் நடுவில் ஓர் ஆள் நடக்க இடம் விட்டு இரு பக்கமும் அடுக்கினார். அதற்கு 'ஒழுங்கை' என்று பெயர்.

"ஏன் இந்த வெற்றிடம்?" ஆ.

"பாலத்தடியில ஆமிக்காரன் ஏறுவான் சேர். ஒழுங்கையால நடந்து ரெண்டு பக்கமும் கம்பியால குத்திப் பாத்திட்டு, போ எண்டுவான். ஒழுங்கை இல்லாட்டி முழுக்க இறக்கச் சொல்லுவான். மறுகா ஏத்தி முடியப் பின்னேரம் நாலு மணியாகும், அதோட பாலம் பூட்டு."

ஆ. சிரித்தார். குறித்துக்கொள்ளவில்லை.

நவம்பர் 15, வியாழன்

ஆ. ஒரு வருடத்தை நான்கு நிமிடத்தில் ஓட்டிக் காட்டினார். அந்த வருடத்தில் மழை இல்லை, ஊரடங்கு இல்லை, ஷெல் இல்லை. குடியேறலாம் போலிருந்தது. முடிவு: ஒழுங்கையை நிரப்பினால் ஐந்து லொறி வேலை நான்கில் முடியும். மேலாளர் கைதட்டினார். பாலத்தடிச் சோதனைச்சாவடியைப் பற்றி நான் ஒருமுறை சொன்னேன், மேசைக்கு மட்டும் கேட்கும் குரலில். பிறகு, களஞ்சியப் பொறுப்பாளர் என்ற இடத்தில், புதிய முறைக்குக் கையொப்பமிட்டேன். பேனா நன்றாக எழுதியது.

மாலை பூபாலண்ணன்: "மகள் படுவான்கரையில, பள்ளிக்கூடத்து முகாமில கிடக்கா சேர். புள்ளைக்கு மூணு மாசம். பால் வத்திப் போச்சாம். மாப்பெட்டி கையில கொண்டு போகவும் ஆமிக்காரன் விடுறானில்ல. நாளைக்கு லொறியில பால்மா போகுதுதானே?"

போகுது என்றேன்.

நவம்பர் 16

லொறி நிறைய, கை நுழைய இடமில்லை. மழை. பாலத்தடியில் முழுவதையும் இறக்கச் சொன்னார்கள். பால்மாப் பெட்டிகள் தார் வீதியில். திரும்ப ஏற்றுமுன் பாலம் பூட்டு. லொறி திரும்பி வந்தது. பெட்டிகள் கூழ்.

சாரதி: "நான் என்ன செய்யிற? நிரப்பினது நீங்க."

உண்மை. இரவு சாப்பாடு இறங்கவில்லை. பொய். இறங்கியது, மீன் குழம்பும் ருசித்தது. அருவருப்பு அதில்தான்.

நவம்பர் 17

கூட்டம். ஆ.வின் திரையில் நேற்றைய லொறி 11.20க்குப் படுவான்கரை சேர்ந்திருக்கிறது. நிஜத்தில் நடந்தது 'வெளிக் காரணி'. சாவடியையும் சேர்த்துவிடலாம் என்றார், பெருந்தன்மையாக. எத்தனை நிமிடம் எடுக்கும் என்று எங்களைக் கேட்டார்.

கதவடியில் நின்ற பூபாலண்ணன்: "அது ஆமிக்காரனுக்கே தெரியாது சேர். அந்தக் கொம்பியூட்டருக்குள்ள போன லொறி ஆருக்குப் பால்மா குடுத்திச்சு? எண்ட பேரப்புள்ளைக்கு மகள் சோத்துத் தண்ணி பருக்குறாவாம்."

மேலாளர் தேநீர் வரவழைத்தார். ஆ. இருபது நிமிடம் என்று பதிந்தார்.

நவம்பர் 19, திங்கள்

வெயில். ஆ. எழும்பி வருமுன் ஒழுங்கை விட்டு ஏற்றச் சொன்னேன். மிஞ்சிய மூட்டைகள் தறப்பாளுக்குப் பின்னால். புதுப் பால்மா முன்பக்கம். படிவத்தில் 'முழுச் சுமை' என்று எழுதினேன். பூபாலண்ணன் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எழுதுங்க சேர்" என்றார்.

பதினொன்றுக்கு முன்பே லொறி பாலம் கடந்தது. மாலை சாரதி: "அண்ணன், உங்கட பேரன் குடிச்சிட்டு நித்திரை." பூபாலண்ணன் மூட்டையில் சாய்ந்து வெகுநேரம் வெற்றிலை மென்றார்.

ஆ.வுக்குப் பரம திருப்தி. முழுச் சுமை, தாமதமில்லை, கணினி மாதிரி சரி. சான்று: என் படிவம். அறிக்கையில் இணைக்கிறாராம்.

அதை நம்பி அடுத்த வாரம் செங்கலடிக் களஞ்சியத்திலும் ஒழுங்கையை நிரப்பும் இதே முறை. அங்கிருந்தும் லொறிகள் சாவடி தாண்டித்தான் போக வேண்டும். பொறுப்பாளர் புதிய ஆள். படிவத்தில் ஒரு சொல்கூடப் பொய் எழுதமாட்டாராம்.