சங்கரலிங்கம் வகையறா

அண்ணே,

உங்கள் மேல் நான் போட்ட பாகப்பிரிவினைக் கேஸுக்காக மாம்பலம் மனையின் பழைய வரிப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். அங்கே முதலில் குடியேறின நம் தாத்தாவும் அவர் அண்ணனும் மனையை எப்படிப் பிரித்துக்கொண்டார்கள் என்று வக்கீல் கேட்டார்.

பிரிக்கவே இல்லை, அண்ணே. வருஷா வருஷம் ‘சங்கரலிங்கம் வகையறா’ என்றுதான் இருக்கிறது. பெயர் பெரிய தாத்தாவுடையது. நம் தாத்தா வெறும் வகையறா. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பெரியவர் செத்த பிறகும் இருபது வருஷம் அதே பெயர். வரி கட்டப் போன நம் தாத்தா அதை மாற்றச் சொல்லவே இல்லை.

கேஸை நேற்று வாபஸ் வாங்கிவிட்டேன்.

உங்களுக்கு இப்போது யார் பெயரும் ஞாபகத்தில் நிற்பதில்லை என்று அண்ணி சொன்னார்கள். என் பெயரைத் தேடிக் கஷ்டப்பட வேண்டாம்.

உங்கள்
வகையறா