மாஜிக் லாந்தரும் என் வயிற்றெரிச்சலும்

இன்றைக்கு வகுப்பில் படம் காட்டும் மாஜிக் லாந்தரை ஏற்றியதும் தகரம் சூடேறி, மண்ணெண்ணெய்ப் புகையோடு அந்த வாடை கிளம்பியது. உடனே நீ வந்து நின்றுவிட்டாய். செத்த பிறகும் உனக்கு என் வகுப்பில்தான் வேலை போலிருக்கிறது.

பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்துக்கு நீ வந்தபோது நான் அங்கே பழைய ஆள். கரும்பலகையில் நான் படம் போட்டால் பெரிய டீச்சரம்மாவே நின்று பார்ப்பார். டிரெயினிங் முடித்த கையோடு நீ வந்தாய், வாய் நிறைய என்னை அக்கா என்றாய், ஒரே மாதத்தில் என் மகள் எஸ்தரைக் கொண்டுபோய்விட்டாய். முந்தின வருஷம் முழுக்க என் வகுப்பில் ஊமையாக உட்கார்ந்திருந்த பெண், வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உன்னைப் பற்றி ஓயாமல் பேசினாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இப்போதும் அணையவில்லை.

லாந்தர் பெட்டியோடு வந்த, கண்ணாடியில் வரைந்த பனிமலைப் படங்களை நீ ஓரமாக வைத்துவிட்டாய். உடைந்த ஜன்னல் கண்ணாடித் துண்டுகளை விளக்குப் புகையில் காட்டிக் கரியேற்றி, ஆளுக்கொரு ஊசி கொடுத்து, உங்கள் தெருவைக் கீறுங்கள் என்றாய். எஸ்தர் நசரத்பேட்டை ரோட்டில் போகும் கட்டைவண்டியைக் கீறினாள். லாந்தரில் செருகியதும், திரையாகக் கட்டிய வேட்டியில் அது சக்கரத்தை மேலே தூக்கிக்கொண்டு தலைகீழாக விழுந்தது. பெண்கள் சிரித்தார்கள், அவள் முகம் சுருங்கியது. தாழ்வாரத்தில் நின்றிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடியைத் திருப்பிப் போடச் சொல்ல வாயெடுத்தேன். நீ கையமர்த்தினாய்.

"இருங்கக்கா. அவளே கண்டுபுடிக்கட்டும்."

என் பெண்ணோடு நான் பேச உன் உத்தரவா! எஸ்தர் கண்ணாடியின் மேல் ஓரத்தை விரலால் மறைத்தாள். திரையில் கீழ் ஓரம் இருண்டது. மறுபடியும் மறைத்துப் பார்த்தாள்.

"மேல மறைச்சா கீய இருட்டாவுது டீச்சர்," என்று சொல்லி, அவளே கண்ணாடியைத் தலைகீழாகச் செருகினாள். வண்டி நேராக நின்றது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், வெளிச்சம் எப்படி மாறி விழுகிறது என்று எனக்கே பாடம் நடத்தினாள். போன வருஷமே இதைப் பலகையில் போட்டேனே என்றேன்.

"நீ போட்டேம்மா. நான் பாத்து எய்திகினேன், அவ்ளோதான்," என்றாள்.

அந்த மழைக்காலத்து ஜுரம் உன்னைக் கொண்டுபோனது. எஸ்தர் சாப்பிடாமல் கிடந்தாள். நான் போனால் இப்படிக் கிடப்பாளா என்று யோசித்தேன், அழுதுகொண்டேதான் யோசித்தேன். உன் வகுப்பும் லாந்தரும் எனக்கு வந்தன.

எஸ்தர் இப்போது ஆவடியில் டீச்சர். இன்று லீவு போட்டுவிட்டு என் வகுப்பைப் பார்க்க வந்திருந்தாள். ஒரு பெண்ணின் படம் தலைகீழாக விழுந்தது. பதில் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் தட்டுத்தடுமாறித் தானே கண்டுபிடித்தாள்.

"அப்டியே எங்க டீச்சர் மாதிரியே கீதும்மா," என்றாள் எஸ்தர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நானும் அவளுக்கு ஒரு வருஷம் டீச்சர்தான். அதை அவளிடம் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு நிற்கும் வித்தையை உன்னிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். திருப்பித் தரமாட்டேன்.