பெட்டி காணாமல் போகும் நேரம்

மே 5, திங்கள்

பெட்டி இன்றும் காணாமல் போனது. காலை ஆறே முக்காலுக்கு. வெம்பக்கோட்டை அணைக்கு மேலே சிவப்புப் பூ விரிந்து, அதன் நடுவிலிருந்து பச்சை கிளம்ப வேண்டிய இடத்தில் திரை ஒரு நொடி கறுத்தது. திரும்பி வந்தபோது ஒரே ஒரு வரி: கிராபிக்ஸ் கார்டு கண்டறியப்படவில்லை. மேசை மேல் ஒரு முழ நீளத்துக்கு உட்கார்ந்துகொண்டு, விசிறியையும் சுற்றிக்கொண்டு, கண்டறியப்படவில்லையாம்.

நிஜ அணை இல்லை. ஹைதராபாத் ஸ்டுடியோ ஒன்று சினிமாவுக்காகக் கேட்டிருக்கும் நாற்பது நொடி வாணவேடிக்கை. தண்ணீர், இருட்டு, வானம் நிறையப் பூக்கள். என் மடிக்கணினிக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. அதற்காகத்தான் இந்த இரும்புப் பெட்டி. மேசைக் கணினிக்குப் போடுகிற பெரிய கார்டை இதற்குள் வைத்து, ஒரு கேபிளால் மடிக்கணினியோடு சேர்த்திருக்கிறேன். முதல் பத்து நாள் தங்கமாக ஓடியது. போன வாரம் சித்தி மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் விருதுநகர் போய்விட்டு வந்தேன். அதிலிருந்துதான் இந்தக் கூத்து.

கோபம் தணியும் வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, ஜன்னலுக்கு வெளியே தகரத்தின் மேல் தண்ணீர் விழுகிற சத்தம். கண்ணை மூடிக் கேட்டால் சிவகாசியே குற்றாலம் ஆகிவிடும்.

மே 6

கார்டுக்கான பழைய டிரைவர் மென்பொருளை வேரோடு பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட்டேன். ஓடியது. சாயங்காலம் நாலரைக்குப் போனது.

எழில் போன் செய்தாள். ஸ்டுடியோவில் எனக்கு மேலே இருப்பவள். “மே முப்பத்தொண்ணுக்குள்ள அனுப்புங்க லட்சுமி. உங்க மெஷின்ல முடியும்னா அங்கேயே இருந்து செய்யுங்க. முடியலைன்னா ஜூலை ஒண்ணு இங்க வந்து சேர்ந்துடுங்க.” அன்பாகத்தான் சொன்னாள்.

ஜூலை ஒன்று. என் கணவர் விக்னேஷ் அங்கே வர முடியாது. நாரணாபுரம் கம்பெனியில் பதினாலு வருஷ ஃபோர்மேன். பட்டாசைத் தவிர வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. அப்படியென்றால் ஆளுக்கொரு ஊர். அவர் இல்லாத ஊரில் உட்கார்ந்து நான் யாரிடம் நிறம் காட்டுவேன்?

இதை எழுதும்போதும் வெளியே தொட்டி வழிகிறது. பாலம்மாள் அம்மா மோட்டாரைப் போட்டுவிட்டு சீரியலில் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்காரம்மா, கேட்க முடியுமா.

மே 8

மதியம் இரண்டரைக்கு விக்னேஷ் வந்தார். கேட்டின் கம்பியை உள்ளங்கையால் ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். கம்பெனியில் ஒவ்வொரு ரூம் வாசலிலும் செம்புத் தகடு இருக்கும். அதைத் தொட்டு உடம்பில் இருக்கிற கரண்டை மண்ணுக்கு இறக்கிவிட்டு உள்ளே போக வேண்டும். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் தொடர்கிறது.

சாப்பிட்ட கையோடு என் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். நீலப் பூவின் மேல் விரலை வைத்தார்.

“நீலம் இம்புட்டு வெளிச்சமா வராது.”

“சினிமாவுக்குங்க.”

“சினிமான்னாலும் வராது. செகப்பும் பச்சையும் ஈசியா வந்துரும். நீலத்துக்குச் சூடு கூடிருச்சின்னா நெறமே செத்துப் போகும். அது மங்கலாத்தான் இருக்கும். ஒரு நிமிட்டு தேடிப் பாக்கணும்.”

நீலத்தைக் குறைத்தேன். வானம் திடீரென்று எட்டப் போய்விட்டது. இருட்டுக்குள் இருட்டாக ஒரு பூ. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

மே 10

இந்த மனிதர் ஒரு வேடிக்கை. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஜன்னலோரம் செத்துப் போன மல்லிகைக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறார். நான் ஊருக்குப் போய் வந்ததிலிருந்து தினமும். மார்கழியிலேயே காய்ந்துபோன செடி. ஏன் என்று கேட்டால், “கெடக்கட்டும்” என்கிறார். மனசு இளகிப் போச்சு எனக்கு.

மே 11, ஞாயிறு

விக்னேஷ் கழற்றிக் கொடுத்த பெட்டியையும் மடிக்கணினியையும் பழைய சேலையில் சுற்றிக் கொண்டு விருதுநகர் போனேன். ஜெயச்சந்திரன் அண்ணன் கடை. ஸ்டேஷன் ரோட்டில் இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறார். கேபிளை மாற்றினார், கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினார், பெட்டியை முதலில் போட்டுவிட்டு அப்புறம் மடிக்கணினியைப் போடச் சொன்னார். கடையில் மூன்று மணி நேரம் இடைவிடாமல் ஓடியது. பள்ளிக்கூடத்தில் மட்டும் நல்ல பிள்ளையாக இருக்கும் சில பிள்ளைகள்.

“பெட்டியில கோளாறே இல்லம்மா. நிம்மதியாப் போங்க” என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம். மத்தியான வெயிலில் சாலையின் தூரத்தில் தண்ணீர் தேங்கி நின்றது, கிட்டே போகப் போக விலகியது. நிம்மதியாகத்தான் வந்தேன். ராத்திரி அவரே பெட்டியை மேசையில் வைத்து மாட்டிக் கொடுத்தார்.

மே 12

காலை ஏழுக்குப் போனது. புதுக் கேபிள், புது டிரைவர், எல்லாம் புதுசு. போனது. என்னைக் கேலி செய்கிற மாதிரி தகரத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

மே 14

மதியத் தூக்கத்தில் ஒரு கனவு. அணைத் தண்ணீருக்கு அடியிலிருந்து பூக்கள் மேலே வந்தன. சத்தமே இல்லை. ஒவ்வொன்றும் மேற்பரப்பைத் தொட்டதும் கரைந்து வளையமாக விரிந்தது. கரையில் விக்னேஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்து விநாடி எண்ணிக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை, எண்ணிக்கொண்டே இருந்தார்.

எழுந்ததும் கனவில் பார்த்தபடி தண்ணீரில் வளையம் வரைந்தேன். பதினோரு நொடி வரை நன்றாக வந்தது. அப்புறம் கறுப்பு.

மே 15

கண்டறியப்படவில்லை.

மே 18, ஞாயிறு

இன்னும் பதின்மூன்று நாள். கையில் பதினெட்டு நொடி. பெட்டி ஒரு நாளைக்கு இரண்டு தரம் போகிறது. ஒவ்வொரு தடவையும் அந்தத் துண்டுக்குக் கணினி போட்ட கணக்கெல்லாம் பாழாகி, அதை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. இது ஆகாது.

சோறு போடும்போது சொன்னேன். “எழில்கிட்ட வாரேன்னு சொல்லிரப் போறேன். இந்த வீட்டுல இது ஓடாது.”

ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்வார் என்று பார்த்தேன். ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே, “சரி, போ. நல்ல வேல, விட்றாத” என்றார். தலை நிமிரவில்லை.

அம்புட்டுதானா? ஆறு வருஷம் — அம்புட்டுதானா? ரசம் ஊத்திக்கிட்டே சொல்றதா அது? எந்திரிச்சு வந்து எழிலுக்கு அனுப்பிட்டேன். ஜூலை ஒண்ணு வந்துர்றேன்னு. அனுப்பிட்டு அழுதேன். அவர் தட்டைக் கழுவுற சத்தம் கேட்டுச்சு.

மே 21

இன்று மூன்று மணிக்கு நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

பெட்டி எப்போதெல்லாம் போனது என்று ஜெயச்சந்திரன் அண்ணன் போனில் கேட்டார். இந்த நோட்டைப் புரட்டினேன். ஆறே முக்கால், நாலரை, ஏழு. ஒவ்வொரு நேரத்துக்குக் கீழேயும் என் கையெழுத்திலேயே தொட்டி வழிகிறது, தகரத்தில் தண்ணீர் விழுகிறது. நான் குற்றாலம் என்று ரசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். போர்வெல் மோட்டார் பூமிக்குள் இருக்கிறது, ஓடினால் சத்தம் வராது, வழிகிறபோதுதான் தெரியும்.

மாடியைப் பார்த்துக் கூப்பிட்டேன். “அம்மா, மோட்டார ஒரு தடவ போடுங்களேன்.”

“தொட்டி நெறஞ்சுல்ல கெடக்கு?”

“பரவாயில்ல, போடுங்க.”

நாலாவது நிமிஷம் திரை கறுத்தது. நிறுத்தச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி ஓடவிட்டேன். ஓடியது. மோட்டார் போட்டால் போனது. மூன்று தடவை. பாலம்மாள் அம்மா மாடிப்படியில் வந்து நின்று, “தண்ணிய வச்சு ஜோசியமா பாக்குற?” என்றார்.

அண்ணன் சொன்னார், “அப்ப எர்த்துலதாம்மா பாக்கணும். பெட்டிக்குத் தனியா எர்த் ஒயர் ஏதும் குடுத்திருக்கீகளா?”

இல்லை என்று சொல்லிக்கொண்டே மேசைக்கு அடியில் குனிந்தேன். பெட்டியின் பின்பக்க ஸ்குரூவிலிருந்து ஒரு செம்புக் கம்பி. சுவரோடு ஒட்டி, ஜன்னல் மூலை வழியாக வெளியே இறங்கி, மல்லிகைத் தூருக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் அடித்திருந்த ஒரு இரும்புத் தடியில் போய் முடிந்தது. மண் ஈரமாக இருந்தது.

செடிக்கு இல்லை அந்தத் தண்ணீர்.

மே 21, சாயங்காலம்

கம்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கேட்டைத் தொட்டுவிட்டு வந்தார்.

“இது என்னங்க?”

“எர்த்து.”

“அது தெரியுது. எதுக்கு?”

“இரும்புப் பெட்டி. சித்திரக் காத்து, துளி ஈரம் கெடையாது, உடம்புல கரண்டு ஏறி நிக்கும். நீ நைலான் நைட்டியப் போட்டுக்கிட்டு அத ஒட்டி உக்காந்திருக்க. எங்க ரூம்ல யாராவது அப்பிடி உக்காந்தா கையப் புடிச்சு வெளிய இழுத்துருவேன்.”

“எங்கிட்டச் சொல்லக் கூடாதா?”

“பெட்டி வந்தன்னிக்கே சொன்னேன். இது பட்டாசு மருந்து ரூம் இல்லன்னு சிரிச்ச.”

சிரித்தேன்தான். அதனால் நான் கல்யாணத்துக்குப் போன அன்றைக்கு அடித்திருக்கிறார். எர்த் குழி காயக் கூடாது என்பது அவர்கள் கம்பெனிச் சட்டம். அதனால் தினம் ஒரு குடம்.

இருந்தாலும் கேட்டுவிட்டேன். கேட்காமல் இருந்திருந்தால் உள்ளேயே புழுத்திருக்கும். “இந்தப் பெட்டி ஓடாட்டி நான் இங்கன இருக்க முடியாது. நான் போகட்டும்னு செஞ்சீகளா?”

அவர் முகம் போன போக்கு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “உனக்கு ஒண்ணு ஆயிரக் கூடாதுன்னு செஞ்சேன் லட்சுமி. நீ போயிருவியோன்னு எனக்குத் தூக்கமே இல்ல. வேணாம்னு சொன்னா நாளைக்கு என்னாலதான் வேல போச்சுன்னு நெனப்பியேன்னு இருந்துட்டேன்.”

நானும் தரையில் உட்கார்ந்தேன். டீ போடக் கூட யாரும் எழுந்திரிக்கவில்லை.

மே 22

கம்பி இல்லாமல் காலையிலிருந்து ஓடுகிறது. தொட்டி வழிந்தது, பெட்டி அசையவில்லை. சிவப்பு, பச்சை, தேடிப் பார்க்கிற நீலம், தண்ணீரில் வளையம். இருபத்தாறு நொடி. வானத்துக்குள்ளேயே குடியிருப்பது போலிருக்கிறது.

மே 24

குளித்துவிட்டு வந்து வெறுங்காலோடு பெட்டியைத் தொட்டேன். விரலில் சுருக்கென்றது. எறும்பு என்று நினைத்து மறுபடி தொட்டேன். மறுபடியும் சுருக். வெளியே தகரத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

அவருக்குப் போன் செய்தேன். ரூமுக்குள் போன் கொண்டுபோக மாட்டார்கள்; ஆபீசில் சொல்லி அனுப்பிக் கூப்பிட்டார்கள். “எதையும் தொடாத. மெயின அமத்து. வாரேன்” என்றார். பாதி நாள் லீவு போட்டு வந்தார். சீசன் லோடு நிற்கிற நேரத்தில் அவர் லீவு போட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மே 25, ஞாயிறு

எலக்ட்ரீசியன் சோலைமலை வந்து ஒரு மணி நேரம் பார்த்தார். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

“வீட்டு எர்த்து எப்பயோ அத்துப் போச்சும்மா. மோட்டாருல கரண்டு கசியுது. அது எறங்க வழியில்லாம வீட்டுல உள்ள எர்த் ஒயர் பூராவும் நிக்குது. சாரு கம்பி அடிச்சதும் அம்புட்டும் அந்த வழியாப் போயிருக்கு. உங்க லேப்டாப்பு, கேபிளு, பெட்டி, மல்லிகைத் தூரு.”

“அதான் பெட்டி நின்னுச்சா?”

“அதான். அந்தக் கம்பி இல்லேன்னா பெட்டி சும்மா ஜம்முனு ஓடியிருக்கும். என்னைக்காவது கசிவு கூடுற அன்னைக்கு ஈரக் கையோட தொட்டிருப்பீக.”

சொல்லிவிட்டு டெஸ்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். விக்னேஷ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று வாரமாக நான் சபித்துக்கொண்டிருந்த கம்பி. என் வேலையைக் கெடுத்ததும் அதுதான், என்னை உயிரோடு வைத்திருந்ததும் அதுதான். அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

மத்தியானம் அவரே கடப்பாரையை எடுத்து மல்லிகைத் தூரைப் பிடுங்கிவிட்டு ஆறடிக்குக் குழி தோண்டினார். கரியும் உப்பும் போட்டு, தடிச்ச கம்பியை நேராக மெயின் போர்டுக்கே கொடுத்தார் சோலைமலை. மோட்டாரைத் தூக்கிச் சரிபார்க்க பாலம்மாள் அம்மாவும் ஒத்துக்கொண்டார். பெட்டிக்கென்று தனிக் கம்பி இனி இல்லை. வீட்டுக்கெல்லாம் ஒரே எர்த்து.

மே 30

நாற்பது நொடியும் அனுப்பிவிட்டேன். கண்ணை மூடினாலும் உள்ளே விரிந்துகொண்டே இருக்கிறது.

ஜூன் 4

எழில்: “அந்த நீலம் ஏன் அவ்ளோ மங்கலா வச்சீங்க? டைரக்டர் அதை மட்டும் ஏழு தடவை ஓட்டிப் பாத்தார். இப்படி ஒண்ணு பாத்ததே இல்லைங்கிறார்.”

என் வீட்டில் ஒருத்தர் சொன்னார் என்றேன்.

“அப்ப அவர் பக்கத்துலயே இருந்து செய்யுங்க. ஜூலை ஒண்ணு வர்றேன்னு நீங்க போட்ட மெசேஜை நான் பாக்கவே இல்லை.”

அவரிடம் சொன்னேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

ஜூலை 1, செவ்வாய்

அவர் ஆறரைக்கே கிளம்பிவிட்டார், லோடு இருக்கிறது. மல்லிகை இருந்த இடத்தில் இப்போது குழி மூடிதான். புதுச் செடி வைக்க வேண்டும். ஒரு குடம் தண்ணீர் எடுத்துக் குழிக்கு ஊற்றினேன். மண் உறிஞ்சி முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டு, உள்ளே வந்து பெட்டியைப் போட்டேன்.