கோணவாயன் மறுபடி வருவான்

நாள் 212, காலை 07:10
வியாழனின் துணைக்கோள் யூரோப்பா, ஆய்வு நிலையம். எழுதுவது தலைமைப் பொறியாளர் மங்கையர்க்கரசி. காற்றழுத்தம் சரி. மேல்தளத்தில் நான், கீழ்த்தளத்தில் உதவிப் பொறியாளர் செல்வின். வேறு மனிதர் கிடையாது.
பூமி அனுப்பிய தரவில் பாதி இடத்தை ஒரு கார்ட்டூன் தொடர் அடைத்திருக்கிறது. பெரியவர்களுக்கு மட்டுமாம். கேப்டன் கோணவாயன் குடிக்கிறான், வாந்தியெடுக்கிறான், குசு விட்டே விண்கலம் ஓட்டுகிறான். தூ.

நாள் 215, 13:40
செல்வின் சாப்பிடும்போதும் அதையே பார்க்கிறான். இன்று கோணவாயன் தன் குடலைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டான். என் சாம்பார் சாதம் தட்டில் அப்படியே கிடக்கிறது. படித்தவனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கீழே போய் இண்டர்காமில் பதில் சொன்னான்:
"அக்கா, அவன் ஒவ்வொரு எபிசோடுலயும் செத்துப்போறான். அடுத்ததுல கதவத் தட்டிட்டு வந்து நிக்கான். நமக்கு அப்படியா? ஒரு ஆணி கழண்டாப் போதும். அதான் பாக்கேன்."
இந்த லட்சணத்தில் தத்துவம் வேறு.

நாள் 219, 10:05
இண்டர்காம் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. ஏப்பமும் சிரிப்பும் அதன் வழியாகத்தான் மேலே வருகின்றன. பனியின் உப்பளவைக் கணக்கிட முடியவில்லை. கீழ்த்தள ஒலியை அணைத்துவிட்டேன். அப்பாடா.

நாள் 219, 14:30
சாப்பிட ஆள் வரவில்லை. கோபித்துக்கொண்டான் என்று நினைத்தேன். திரையைப் பார்த்தேன். கீழ்த்தள அழுத்தம் பூஜ்யம்.
அபாய மணியும் அதே இணைப்பில்தான் வரும். எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அணைத்தேன். இண்டர்காம் பதிவில் இருப்பது:
11:20. "அக்கா, சுவர்ல கீறல். கதவு தானா பூட்டிக்கிச்சு. மேல இருந்துதான் திறக்க முடியும்."
11:31. "அக்கா, விளையாடாதீங்க. கேக்குதா?"
பிறகு கோணவாயன் சிரிப்பு மட்டும். காற்று குறையக் குறைய அதுவும் தேய்ந்து நின்றது.

நாள் 220, 09:00
கதவின் கண்ணாடி வழியாகச் செல்வினைப் பார்த்தேன். விழி பிதுங்கி, நாக்கு நீலமாகி. நாற்பதாவது எபிசோடில் கோணவாயன் இப்படித்தான் சாகிறான். அவன் விட்டுப்போன தொடரை இரவு முழுக்க நான்தான் பார்த்தேன். நாற்பத்தொன்றில் கதவைத் தட்டி வந்து நின்றான். சிரித்தேன். நான் சிரித்தேன். என்னை நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது.

நாள் 226, 13:00
எண்பதாவது எபிசோடும் முடிந்தது. கோணவாயன் வந்துவிட்டான். செல்வின் வரவில்லை. இரண்டு தட்டு போட்டு வைத்திருக்கிறேன்.

நாள் 226, 13:25
தொடரை நிறுத்திவிட்டேன். கீழே காற்றில்லை, சத்தம் வர வழியே இல்லை.
இண்டர்காமில் தட்டுகிறான்.
இந்த முறை அணைக்க மாட்டேன் செல்வின். மேலிருந்துதான் திறக்க முடியும். இதோ திற