எட்டு மாதக் கையிருப்பு

நவம்பர் 6

செயலாளர் எங்கள் கையிருப்பைக் கரைக்கப்போவது நோயாளிகளுக்காக இல்லை. ஏழையாகத் தெரிவதற்காக.

நாங்கள் நிதி கேட்டிருந்த பெரிய நிறுவனத்திடமிருந்து இன்று கடிதம் வந்தது. நிதி கிடையாதாம். உங்களிடம் எட்டு மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது, உங்களைவிட இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

"சேத்து வெச்சதுக்குத் தண்டனை பாத்தியாம்மா?" கடிதத்தை மேசையில் எறிந்தார் செயலாளர். "டிசம்பர் முப்பத்தொண்ணு வரைக்குமான கணக்கத்தான் அவங்க பாப்பாங்க, அப்ப கை காலியா இருக்கணும். அப்பதான் அடுத்த தடவ குடுப்பாங்க."

எங்களுடையது இலவச டயாலிசிஸ் மையம். ஆறு மெஷின், முப்பத்தாறு பேர், ஆளுக்கு வாரம் மூன்று முறை. நான் கணக்கெழுதுகிறேன். மூன்றாவது மெஷினில் என் அண்ணன்.

அந்த எட்டு மாதத்தைச் சேர்க்கப் பதினோரு வருடம் ஆனது.

நவம்பர் 14

குழுக் கூட்டம். ஏழு பேர், பத்தே நிமிடம். கையிருப்பை எடுத்து முன்பக்கம் புதுக் கட்டடம்: கண்ணாடிச் சுவர், பளிங்குத் தரை. எல்லோரும் கை தூக்கினார்கள். கூட்டக் குறிப்பை எழுதுவது நான்தான். 'நோயாளிகள் நலன் கருதி'ன்னு போடும்மா என்றார் செயலாளர். போட்டேன்.

வாய்வரை வந்தது — தண்ணி சுத்தம் பண்ற மெஷின் பழசாயிடுச்சே சார், அது நின்னா எதை வெச்சுச் சரிபண்றது? கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? இலவச இடத்துக்குக் காத்திருப்பவர்கள் நூற்று நாற்பது பேர். அந்த வரிசையில் அண்ணன் பெயரை மேலே ஏற்றியவர் செயலாளர். ஒருநாளும் அவர் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டத் தேவையும் இல்லை.

நவம்பர் 30

பழைய வாசலை இடித்துவிட்டார்கள். தூசி வார்டுக்குள் வருகிறது.

டிசம்பர் 19

மதியம் வார்டுக்குப் போனேன். நான்காவது மெஷினில் கண்டக்டர், அண்ணனுக்குப் பக்கத்து இடம். பஸ்ஸை விட்டு ஆறு வருடமாகியும் குரல் இன்னும் கடைசி சீட்டுவரை கேட்கிறது.

"என்ன கணக்கம்மா, முன்னாடி பளிங்கு போடுறீங்க, உள்ள கம்பளிக்கு ஒட்டுப் போடுறீங்க? வழுக்கி விழுந்தா அதுக்கும் வைத்தியம் இலவசமா?"

"முன்னாடி நிக்காதீங்க, உள்ள போங்கன்னு நீங்கதானே கத்துவீங்க" என்றான் அண்ணன். இருவரும் சிரித்தார்கள். டெக்னீஷியன் அக்கா சிரிக்கவில்லை. ஆறு முறை கழுவிய பிறகு தூக்கிப்போட்ட, ரத்தத்தை வடிகட்டும் ஃபில்டரை இப்போது பத்து முறை கழுவச் சொல்லியிருக்கிறார்களாம்.

"நான் கழுவுறேன். மேல இருக்கிறவங்கள்ள ஒருத்தர் வந்து இதுல படுக்கட்டும்" என்றாள்.

டிசம்பர் 31

கணக்கு முடித்தேன். கையிருப்பு: பத்தொன்பது நாள்.

பிப்ரவரி 9

தண்ணீர் மெஷின் நின்றுவிட்டது.

சுத்திகரித்த தண்ணீர் இல்லாமல் ஒரு டயாலிசிஸ் மெஷினும் ஓடாது. காலை ஆறு மணிக்கு வந்தவர்கள் பளிங்குத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், நாற்காலி இன்னும் வரவில்லை. முழுதாகச் சரிசெய்ய ஒன்றரை மாதச் செலவு ஆகும் என்றான் மெக்கானிக். கடனுக்குச் செய்யமாட்டான். இருந்ததைத் துடைத்துக் கொடுத்தோம், இருந்த அளவுக்கு ஒட்டவைத்தான். நான்கு மெஷினுக்குத்தான் இனித் தண்ணீர் வரும்.

பிப்ரவரி 10

ஆளுக்கு வாரம் இரண்டு முறை. அறிவிப்பை நானே தட்டச்சு செய்தேன். 'தற்காலிகமாக' என்ற சொல்லைச் செயலாளர் சேர்க்கச் சொன்னார்.

பிப்ரவரி 21

மெஷினில் படுக்கும் முன் எடை பார்ப்பார்கள். போன முறைக்குப் பிறகு கூடிய எடை உடம்பில் தங்கிய தண்ணீர்தான். வழக்கமாக அண்ணனுக்கு இரண்டு கிலோ கூடியிருக்கும். இன்று நாலரை. கால் செருப்புக்குள் நுழையவில்லை. வீட்டில் அம்மா தண்ணீர் பாட்டிலை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறாள். அவனுக்குத் தெரியும். தெரியாததுபோல் இருக்கிறான்.

மார்ச் 3

நிறுவனத்து அதிகாரி வந்தார். கண்ணாடிச் சுவரைப் பாராட்டினார். பிறகு கணக்கைப் புரட்டினார்.

"டிசம்பர்ல பத்தொன்பது நாள்தானா? இப்ப அதுவும் இல்லையா? நாளைக்கு நீங்க மூடிட்டா எங்க பணம் என்னங்க ஆகும்?"

செயலாளர் கணக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "போன தடவ எட்டு மாசம் ஜாஸ்தின்னீங்களே சார். எவ்வளவுதான் இருக்கணும்?"

"மூணுலேருந்து ஆறு மாசம். விண்ணப்பத்தோட பின்பக்கத்துலயே போட்டிருக்கோமே."

போட்டிருந்தது. அதிகாரி போனதும் எடுத்துப் பார்த்தேன். நான் நிரப்பிய விண்ணப்பம். பின்பக்கத்தை யாரும் திருப்பவில்லை. இரண்டு மாதத்தைச் செலவழித்திருந்தால் போதும். ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் போதும்.

யாரும் ஒரு காசு திருடவில்லை. திருடியிருந்தால் போலீசுக்காவது போகலாம்.

மார்ச் 11

கண்டக்டர் ஞாயிற்றுக்கிழமை காலை இறந்துவிட்டார். மூச்சு முட்டியிருக்கிறது. செவ்வாய்தான் அவர் முறை.

மார்ச் 13

புது ஆள் சேர்க்க வேண்டாம், இருப்பவர்களுக்கே முறை போதவில்லை என்று உத்தரவு. கண்டக்டரின் முறைகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். இந்த வாரம் ஒன்று அண்ணனுக்கு வந்தது.

சந்தோஷப்பட்டேன்.

சீ.

மார்ச் 18

புது அறையில் குழுக் கூட்டம். பொருள்: முகப்புத் திறப்பு விழா. யாரைக் கூப்பிடுவது, கல்வெட்டில் யார் பெயர் முதலில். இருபது நிமிடம் எழுதினேன். பிறகு பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன்.

"வாரம் மூணு முறை மறுபடியும் எப்பலேருந்து சார்?"

"நீ குறிப்ப மட்டும் எழுதும்மா."

"எழுதத்தான் கேக்குறேன்."

உட்கார்ந்து கேள்வியை எழுதினேன். கீழே 'தீர்மானம்' என்று எழுதிக் கோடு போட்டேன். கண்ணாடிக்கு அப்பால் கூடத்தில் அண்ணன் வெறுங்காலோடு எடை மெஷினில் ஏறிக்கொண்டிருந்தான். முள் நிற்கும்வரை சுவரைப் பிடிக்காமல் நிற்கப் பார்த்தான். ஏழு பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு மேசையைப் பார்த்தார்கள்.

"தேதி சொல்லுங்க சார்" என்றேன்.