"உங்க கண்ணுல ஒரு கதை இருக்கும்மா"

மார்ச் 4

வேலை பார்க்கும் மருந்துக்கடையில் இருமலுக்கும் தலைவலிக்கும் பதில் சொன்னதோடு சரி. வேறு யாரோடும் இன்று பேச்சில்லை. மாலையில், நடிக்க வாய்ப்பு வாங்கித் தருவதாக விளம்பரம் செய்திருந்த நிறுவனத்துக்குப் போனேன். மூன்றாவது மாடி, சுவர் முழுக்க போட்டோ. மகனை வழியனுப்பும் அம்மாவாக நடிக்கச் சொன்னார் மேலாளர். எனக்கா சொல்லித்தர வேண்டும்! அழுது தீர்த்துவிட்டேன். கேமராவில் விளக்கே எரியவில்லை. பெரிய இடத்துக் கேமரா அப்படித்தான் இருக்கும் போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"உங்க கண்ணுல ஒரு கதை இருக்கும்மா," என்றார். கணவர் இறந்த பிறகு என் கண்ணை யாராவது பார்த்தார்களா என்றே தெரியாது. வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன், பைத்தியம் மாதிரி.

மார்ச் 6

பதிவுக்கும் போட்டோ ஆல்பத்துக்கும் பணம் கட்ட வளையலை விற்றேன். ஆல்பம் அவர்களிடமே எடுத்தால்தான் வாய்ப்பாம். 'பயிற்சிக்காக நானே விரும்பிச் சேர்கிறேன்' என்று ஒரு தாளில் கையெழுத்து கேட்டார்கள். பயிற்சியா? நான் வந்தது வேடத்துக்கு அல்லவா?

"சும்மா ஒரு வழக்கத்துக்கும்மா. ரெண்டு மாசத்துல அம்மா வேஷம் கையில இருக்கும்."

போட்டேன். வெளியூரில் இருக்கும் பையனிடம் சொல்லவில்லை.

மார்ச் 29

போன் வரவில்லை.

ஏப்ரல் 17

நானே போன் செய்தேன். ஆல்பம் பழசாகிவிட்டதாம், புதிதாக எடுக்க வேண்டுமாம். ஒரு மாதத்தில் பழசாக நான் என்ன கீரைக்கட்டா?

ஏப்ரல் 26

அந்த நிறுவனத்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் இன்று கடைக்கு வந்தாள். அழகு நிலையத்தில் முடி வெட்டுகிறவள். அவளும் பணம் கட்டி ஏமாந்து, தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறாள்.

"நடிப்பும் ஒரு வேலைதானாம்க்கா, வேஷம் வாங்கித் தர்றதுக்கு முன்னாடி நம்மகிட்ட காசே வாங்கக் கூடாதாம். ஆல்பம் இங்கதான் எடுக்கணும்னு சொல்றதும் தப்பாம். நடிச்சு, சம்பளம் கைக்கு வந்த பிறகுதான் அவங்க பங்கு. சட்டமே இருக்கு. ஆனா பயிற்சின்னு கையெழுத்து வாங்கிட்டாங்கல்ல? வேஷம் தர்றேன்னு சொன்னதை நீங்களும் வந்து சொன்னாத்தான் புகார் நிக்கும்."

அப்புறம் சிரித்தாள். "கண்ணுல கதை இருக்குன்னானா? எனக்கும் அதேதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே 3

புகாரில் கையெழுத்துப் போடவில்லை. போட்டால், என் கண்ணைப் பற்றி அவர் சொன்னது பொய் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். காசு போனாப் போவுதுன்னு விட முடியுது. இதை விட முடியலையே — அது ஒண்ணுதானே எங்கிட்ட இருக்கு?

மே 9

பையன் பேசினான்.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன்."

"சரிம்மா, வெச்சிடறேன்."

மே 12

புத்தி கெட்டுப்போய், புது ஆல்பத்துக்கான பணத்தோடு மறுபடி படியேறினேன். அறைக்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே என் வயதில் ஒரு பெண், மகனை வழியனுப்பி அழுதுகொண்டிருந்தாள். நன்றாகவே அழுதாள். மேலாளர் குனிந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். அவள் முடித்ததும் தலையைத் தூக்கினார். "உங்க கண்ணுல —"

மிச்சத்தைக் கேட்க நான் நிற்கவில்லை. நேரே தொழிலாளர் அலுவலகம். முடி வெட்டுகிறவள் கொடுத்த புகாரில் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 20

விசாரணை. நாங்கள் பயிற்சி நிலையம்தான் நடத்துகிறோம் என்று மேலாளர் அடித்துப் பேசினார்.

"இவங்களுக்கு என்ன வகுப்பு எடுத்தீங்க?" என்றார் அதிகாரி அம்மா.

மேலாளர் அந்தக் கையெழுத்துத் தாளையே எடுத்து நீட்டினார். என்னைக் கேட்டார்கள். ரெண்டு மாசத்தில் வேடம் என்று சொன்னதையும், கண்ணையும் கதையையும் எல்லார் முன்னாலும் சொன்னேன். மானம் போயிற்று. எங்கள் இருவருக்கும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும், இனி யாரிடமும் முன்பணம் வாங்கக் கூடாது என்றும் உத்தரவு.

வெளியே வராந்தாவில் மேலாளரை நிறுத்தினேன்.

"ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு நான் நடிச்சது நல்லா இருந்துச்சா?"

"என்னிக்கும்மா?"

நக்கல் இல்லை. நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை.

ஜெயிச்சுட்டோம்க்கா, வாங்க காபி குடிக்கலாம்னு அவ கூப்பிட்டா. போகலை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திட்டு அழுதேன். ஜெயிச்சவ அழற அழுகையா இது?

ஜூலை 8

பணம் வந்தது. வளையல் வாங்கவில்லை.

ஆகஸ்ட் 2

ஒரு சின்ன நாடகக் குழுவில் சேரப் போனேன். பள்ளிக்கூட அரங்கில் ஒத்திகை. எவ்வளவு கட்ட வேண்டும் என்று முதலிலேயே கேட்டேன், விழித்தார்கள். வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரம்மா வேடம். பேசுவதே கொஞ்சம்தான். பேசி முடித்தேன்.

இயக்குநர் — பையன் வயதுதான் இருக்கும் — கடைசி வரிசையில் இருந்து கத்தினார். "கடைசி வார்த்தையை முழுங்கிடறீங்கம்மா. இங்க கேக்கல. மறுபடி!"

மறுபடி சொன்னேன்.

"ம்ஹூம். இன்னும் கேக்கல."

அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து, காதைக் கொடுத்துக்கொண்டு, நான் பேசக் காத்திருந்தார். மறுபடியும் சொன்னேன்.