சம்பந்திக்கு முந்திப் பாடிய சரமகவி

பாளையங்கோட்டை
1911 நவம்பர்

கண்டியிலிருக்கும் என் அருமை மகள் ஞானசௌந்தரிக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் அம்மாவும் நானும் சரீர சுகத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை தேவசிகாமணியும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம். சேரன்மாதேவியில் உன் மாமனார் பிழைத்துக்கொண்டார் என்று தந்தி வந்திருக்கும். வேலைக்காரர்களை அதட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டார். ஆனால் அந்தச் சந்தோஷத்தில் நான் தலை நிமிர்ந்து நிற்க முடியாதபடி ஒரு காரியம் செய்துவிட்டேன். மாப்பிள்ளை காதுக்கு ஊரார் வாயால் போகுமுன் நீயே பக்குவமாகச் சொல்லவேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பெரிய மனுஷர் யார் இறந்தாலும் சரமகவி பாடி அச்சடித்து, அடக்கத்துக்கு வந்தவர்கள் கையில் கொடுக்கிற வழக்கமும், அதற்கு இந்தப் பக்கத்துச் சபைகள் என்னைத் தேடி வருவதும் நீ அறிந்ததுதான். போன வருஷம் ஒரு அடக்கத்துக்கு அச்சு பிந்திவிட்டது, அத்தனை தாளும் அடுப்பெரிக்கத்தான் ஆயிற்று. அதனால் உன் மாமனாருக்கு டாக்டர் கையை விரித்துவிட்டார் என்று அவர் வீட்டு ஆள் வந்து சொன்ன அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன். அழுதுகொண்டுதான் எழுதினேன் மகளே, அது பொய்யில்லை. எழுதி முடித்ததும் திரும்பத் திரும்ப வாசித்து ரசித்ததும் பொய்யில்லை. இப்படி ஒரு பாட்டு எனக்கு இதுவரை வாய்த்ததில்லை. உசிரோட இருக்க மனுசருக்கா பாட்டுக் கட்டுதிய, நல்லாவா இருக்கு என்று உன் அம்மா கேட்டாள். உனக்கென்ன தெரியும் என்று அவள் வாயை அடைத்தேன். இறந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டு அச்சுக்குக் கொடுத்து, காரியம் ஆனால் தாள்கட்டைச் சேரன்மாதேவிக்கு அனுப்பிவிடும் என்று அச்சுக்கூடத்து காஜா முகைதீனிடம் சொல்லிவைத்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து ரயிலேறிப் போனேன். வாசலிலேயே உன் மாமியார், காய்ச்சல் விட்டிட்டு அண்ணாச்சி, இப்பந்தான் கஞ்சி குடிச்சாவ என்றார்கள். என் மனசில் முதலில் எழுந்தது ஸ்தோத்திரம் அல்ல, ஐயோ பாட்டு வீணாயிற்றே என்பதுதான். இத்தனை வருஷம் வேதம் வாசித்து, பள்ளிக்கூடத்தில் நீதி போதித்தவன், ஒரு மனுஷன் பிழைத்ததற்கு வருத்தப்பட்டேன். புலமையைக் கொடுத்த ஆண்டவர் கூடவே கொஞ்சம் புத்தியையும் கொடுத்திருக்கலாம்.

நான் அவசரமாகப் புறப்பட்டதைக் கேள்விப்பட்ட காஜா முகைதீன், எல்லாம் முடிந்தது என்று நினைத்து மறுநாளே தாள்கட்டை அனுப்பிவிட்டார். அது நேரே உன் மாமனார் கட்டிலுக்கே போய்விட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி அடிவரை வாசித்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லாத்தாம் வே பாடியிருக்கீரு, நான் இம்புட்டு நல்லவம்னு எனக்கே தெரியாது என்று சிரித்தார். உன் மாமியார் சிரிக்கவில்லை, அன்று எனக்குச் சோறு போட்டது வேலைக்காரிதான். பிறகு உன் மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, செத்துருவோம்னு பயந்து கெடந்தேன் வே, ஒம்மப் பாக்கணும்னுதான ஆள் அனுப்புனேன், அன்னைக்கே ஏன் வரல, என்ன வே செஞ்சிட்டிருந்தீரு என்று கேட்டார். நான் எதுகை தேடிக்கொண்டிருந்தேன் மகளே.

மாப்பிள்ளையிடம் சொல்லும்போது பாட்டோடு நிறுத்திவிடாதே. கூப்பிட்டும் போகவில்லை என்பதையும் சொல், அவர் மன்னிக்கவேண்டியது அதைத்தான். மாமியாருக்கு மறவாமல் கடிதம் போடு. மலைக்குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. கர்த்தர் உங்கள் இருவரையும் காத்து நடத்துவாராக.

உன் அப்பா,
ஜே. வேதமாணிக்கம்